கண்டதை எழுதுவோம்: உலோகம், அலோகம், உலோகப்போலி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் மாலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



25 ஆண்டு நிறைவை வெள்ளி விழா என்கிறோம். 50 ஆண்டு நிறைவைப் பொன் விழா என்கிறோம். 60 ஆண்டு நிறைவை வைர விழா என்கிறோம். வெள்ளியும் பொன்னும் உலோகங்கள். வைரமோ உலோகம் அன்று, அது கரியின் ஒரு வடிவம், ஆகவே அலோகம். விழாவிற்குப் பெயர் சூட்டும்போதே உலோகத்தையும் அலோகத்தையும் நாம் ஒரே வரிசையில் வைத்துவிட்டோம். இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது, இரண்டிலும் முழுமையாக அடங்காமல் இடையில் நிற்கும் உலோகப்போலிகள் யாவை என்பதே இன்று எங்களுக்குத் தரப்பட்ட பொருள். பள்ளிப் பாடத்தை விழா மேடையில் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக் கூடும். அதற்கு விடையாக எங்கள் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

ஒரு நாள் மாலை இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். நமக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஆகவே தீர்ந்துபோன பழைய வகை டார்ச் விளக்குப் பாட்டரி ஒன்றை நாங்களே பிரித்தோம். அதன் வெளிக்கூடு துத்தநாகம், அது உலோகம். நடுவில் நின்ற கறுப்புத் தண்டு கிராஃபைட்டு என்னும் கரி, அது அலோகம். இரண்டையும் துடைத்து வைத்துக்கொண்டு, புதிய பாட்டரி இரண்டு, சிறு விளக்கு ஒன்று, சில கம்பித் துண்டுகள் ஆகியவற்றால் ஒரு மின்சுற்று அமைத்தோம். சுற்றின் இடைவெளியில் துத்தநாகத் தகட்டை வைத்தவுடன் விளக்கு எரிந்தது. கரித் தண்டை வைத்தோம், அப்போதும் எரிந்தது. அவரவர் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுமாறு கூறினோம். வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதியிருந்தது இது: "துத்தநாகம்: விளக்கு எரிந்தது. கரித் தண்டு: விளக்கு எரியவில்லை."

"ஏனம்மா இப்படி எழுதினாய்? எரிந்ததை நீ பார்க்கவில்லையா?" என்று கேட்டோம். "பார்த்தேன், சார். ஆனால் அலோகம் மின்சாரத்தைக் கடத்தாது என்று நீங்கள் எழுதிப் போட்ட பட்டியலில் இருக்கிறதே" என்றாள்.

குற்றம் அவளுடையது அன்று. பாடநூலில் அப்பட்டியலுக்குக் கீழே கிராஃபைட்டு ஒரு விதிவிலக்கு என்று ஒரு வரி இருந்தது. தேர்வுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்த வரியை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் கரும்பலகையில் எழுதியவர்கள் நாங்கள். இன்னொன்றும் உண்டு. ஏட்டைத் தொடக் கூடாதென்று தடுக்கப்பட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அரும்பாடுபட்டுக் கைக்கு வந்த ஏடு ஒன்றைச் சொல்ல, தம் கண் வேறொன்றைச் சொன்னால், கண்ணைத்தான் பொய் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்நிலை நீடித்தால் நாம் பெற்றது எழுத்தறிவாக இருக்கலாம், கல்வி ஆகாது. ஆகவே இப்பாடத்தை மீண்டும் முதலிலிருந்து, கண்ணும் கையும் காதும் துணையாகக் கொண்டு நடத்தினோம். அந்தப் பாடத்தையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

இன்று அறியப்பட்டுள்ள தனிமங்கள் 118. அவற்றுள் பெரும்பாலானவை உலோகங்கள். அலோகங்கள் இருபதுக்கும் குறைவே. உலோகப்போலிகள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுபவை போரான், சிலிக்கன், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெலூரியம் என 6. இவற்றைப் பிரித்தறிய முதலில் நாம் பார்ப்பது இயற்பியல் பண்புகளை. ஒரு பொருளை வேறு பொருளாக மாற்றிவிடாமலேயே அறியத்தக்க பண்புகள் இவை. நிறம், பளபளப்பு, கடினம், அடர்த்தி, உருகுநிலை, ஒலி, வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும் திறன் ஆகியன இதில் அடங்கும். இரும்பு துருப்பிடிப்பது இயற்பியல் பண்பு அன்று. அங்கே இரும்பு வேறொரு பொருளாகிவிடுகிறது. இரும்பு காந்தத்தில் ஒட்டுவது இயற்பியல் பண்பு. ஒட்டிய பின்னும் இரும்பு இரும்பாகவே இருக்கிறது.

உலோகத்தின் முதல் அடையாளம் பளபளப்பு. செம்புக் கம்பியைப் புளியிட்டுத் தேய்த்தால், அல்லது அலுமினியத்தைக் கத்தியால் சுரண்டினால், உள்ளிருந்து ஒளி தோன்றுகிறது. வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடிகளின் பின்புறத்தில் வெள்ளி பூசுவது இதனால்தான். நம் மொழி இந்த ஒளியை நன்கு கண்டிருக்கிறது. பொன் என்னும் சொல் தங்கத்தை மட்டுமன்றி உலோகம் அனைத்தையும் குறித்தது. வெள்ளிக்கு வெண்பொன் என்றும், இரும்புக்குக் கரும்பொன் என்றும் பெயர் வழங்கிற்று.

இரண்டாவது அடையாளம், அடித்தால் தகடாவதும் இழுத்தால் கம்பியாவதும். கந்தகக் கட்டியைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்கிப் பொடியாகிறது. செம்பைத் தட்டினால் நொறுங்குவதில்லை, பரவுகிறது. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியாக இழுக்க முடியும். மூன்றாவது அடையாளம் ஒலி. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கல மணி அடித்த பின்னும் நெடுநேரம் ஒலிக்கிறது. கரித்துண்டைத் தட்டினால் வெறும் 'டொக்' என்ற ஓசைதான். நான்காவது, கடத்தும் திறன். கஞ்சிப் பானையில் எவர்சில்வர்க் கரண்டியை விட்டுவைத்தால் காம்பு சுடுகிறது. மரத்தாலான அகப்பை அவ்வாறு சுடுவதில்லை. மின்சாரத்தையும் வெப்பத்தையும் எல்லா உலோகங்களையும் விட நன்றாகக் கடத்துவது வெள்ளி; அதற்கு அடுத்தது செம்பு. செம்பின் கடத்துத்திறனைக் கந்தகத்தின் கடத்துத்திறனோடு ஒப்பிட்டால், 1 என்று எழுதி அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட சுழிகளை இட வேண்டியிருக்கும். இயற்கையில் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டும் பண்புகள் மிகச் சில.

இந்நான்கு பண்புகளும் ஏன் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன? காரணம் ஒன்றே. உலோகத்தின் அணுக்கள் தம் வெளிப்புற எலக்ட்ரான்களைத் தமக்கென இறுகப் பற்றிக்கொள்வதில்லை. அவை எல்லா அணுக்களுக்கும் பொதுவாகி, உலோகம் முழுவதும் உலவுகின்றன. ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுத்தால் அவை ஒழுகத் தொடங்குகின்றன, அதுவே மின்னோட்டம். ஒரு முனையைச் சுடவைத்தால் வெப்பத்தை மறுமுனைக்குச் சுமந்து செல்கின்றன. ஒளி விழுந்தால் அதைத் திருப்பி அனுப்புகின்றன. சுத்தியலால் அடித்து அணுக்களின் அடுக்கை நகர்த்தினாலும் பொதுவான இந்த எலக்ட்ரான்கள் அவற்றை விடாமல் பிணைத்து வைப்பதால் உலோகம் உடைவதில்லை. அலோகத்தின் அணுக்களோ எலக்ட்ரான்களைத் தமக்குள்ளேயே, அல்லது பக்கத்து அணுவோடு மட்டும் பகிர்ந்து கட்டிவைத்துள்ளன. ஆகவே மின்சாரம் ஒழுகுவதில்லை. அடித்தால் கட்டு முறிகிறது. அறை வெப்பநிலையில் வளிகளாக இருக்கும் தனிமங்கள் 11. நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹீலியம் முதலிய அவை அனைத்தும் அலோகங்களே.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பாடம் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மாணவியின் குறிப்பேடு நிறுத்தவிடவில்லை. ஒவ்வொரு பண்பையும் எடுத்து, அதற்குப் பொருந்தாதது உண்டா என்று வகுப்பிலேயே கேட்டோம். விடைகள் வந்துகொண்டே இருந்தன.

உலோகம் திண்மமாக இருக்கும் என்கிறோம். பாதரசம் நீர்மமாக இருக்கிறது. காலியம் என்னும் உலோகம் 29.8 பாகை செல்சியசில் உருகுவதால் உள்ளங்கையின் சூட்டிலேயே நீராகிவிடும். உலோகம் கடினமானது என்கிறோம். சோடியத்தைக் கத்தியால் வெண்ணெயை வெட்டுவதுபோல் வெட்டலாம். உலோகம் கனமானது என்கிறோம். லித்தியத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியே. உலோகம் தகடாகும் என்கிறோம். பிஸ்மத் அடித்தால் உடைகிறது. உலோகம் ஒலிக்கும் என்கிறோம்; மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டைத் தட்டினால் மந்தமான ஓசையே கேட்கிறது.

அலோகங்களின் பக்கமும் இவ்வாறே. அலோகம் ஒளிராது என்கிறோம். அயோடின் படிகம் பளபளக்கிறது. அலோகம் மென்மையானது என்கிறோம். வைரத்தைவிடக் கடினமான இயற்கைப் பொருளை அன்றாட வாழ்வில் நாம் காண்பதில்லை. அலோகம் வெப்பத்தைக் கடத்தாது என்கிறோம். நல்ல வைரம் செம்பைவிடப் பல மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதே வைரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதே கரியின் மற்றொரு வடிவமாகிய கிராஃபைட்டோ மின்சாரத்தைக் கடத்துகிறது. கிராஃபைட்டில் கரி அணுக்கள் அடுக்கடுக்கான தாள்களாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்து, எஞ்சிய ஓர் எலக்ட்ரானைத் தாள் முழுவதற்கும் விட்டுக்கொடுக்கிறது. அந்த எலக்ட்ரான்களே அன்று மாலை நம் விளக்கை எரித்தன. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்திருப்பதால் அவ்வாறு உலவ எதுவும் எஞ்சுவதில்லை.

அப்படியானால் இந்தப் பாகுபாடே பயனற்றதா? அன்று. ஒரு பண்பை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறக் கூடாது என்பதே இதன் பொருள். இதே சிக்கல் வேதியியல் அறிஞர்களுக்கும் வந்திருக்கிறது. 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி என்பவர் உருகிய பொட்டாசின் ஊடே மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். சோடியத்தையும் அவ்வாறே பெற்றார். வெள்ளியைப்போல் ஒளிர்ந்த அவை நீரைவிட இலேசாக இருந்தன. அதுவரை உலோகம் என்றால் கனமானது என்றே அனைவரும் கருதி வந்தனர். நீரில் மிதப்பதை உலோகம் என்பதா? எர்மன், சைமன் என்னும் இருவர், இவற்றை உலோகம் என்னாமல் உலோகம் போன்றது என்னும் பொருளில் 'மெட்டலாய்டு' என அழைக்கலாம் என்று 1808-இல் கூறினர். டேவி வேறு வகையில் சிந்தித்தார். பளபளப்பு, தகடாகும் தன்மை, வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துதல் ஆகிய பண்புகள் எல்லாம் உலோகத்தோடு ஒத்திருக்கும்போது, எடை ஒன்று குறைந்தது என்பதற்காக ஒரு பொருளைக் கூட்டத்திலிருந்து விலக்குதல் தகாது என்பது அவர் முடிவு. காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

மெட்டலாய்டு என்னும் சொல் அதன் பின்னும் ஓயவில்லை. 1811-இல் பெர்சீலியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அதனை அலோகங்களுக்குப் பெயராக்கினார். பிற்காலத்தில் அது இடைப்பட்ட தனிமங்களின் பெயராயிற்று. பெயர் மூன்று இடங்களுக்குச் சென்று வந்தது. சோடியமும் கந்தகமும் சிலிக்கனும் தத்தம் இயல்பில் அப்படியே இருந்தன. பெயர் நாம் இடுவது. பண்பு பொருளுக்கு உரியது. பெயரைப் பார்த்துப் பண்பைக் கூறுதல் தவறு. பண்பை ஆய்ந்து பெயரிடுதலே அறிவு. இது தனிமங்களுக்கு மட்டும் உரிய நீதி அன்று என்பதை இந்த அவைக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இனி உலோகப்போலிக்கு வருவோம். போலி என்றால் பொய்யானது என்று நம் பிள்ளைகள் பொருள் கொள்கிறார்கள். இங்கு அப்பொருள் இல்லை. இலக்கணத்தில் 'இல்முன்' என்பது 'முன்றில்' என மாறி வழங்குவதை இலக்கணப்போலி என்கிறோம். அது பிழையான சொல் அன்று. சான்றோர் ஏற்றுக்கொண்ட சொல். போல இருப்பது போலி. உலோகம்போல் தோன்றினும் உலோகமாகாதது உலோகப்போலி.

சிலிக்கன் கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகம்போல் மின்னும். அடித்தால் கண்ணாடிபோல் உடையும். ஆன்டிமனியும் வெள்ளிபோல் மின்னும், அதுவும் நொறுங்கும். கண்ணுக்கு இடும் மைக்குப் பழங்காலத்தில் பயன்பட்ட அஞ்சனக்கல் ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்தது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், அவ்வெழுத்துகள் காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் ஆகிய மூன்றும் கலந்து வார்க்கப்பட்டன. காரீயம் மட்டும் இருந்தால் எழுத்து விரைவில் நசுங்கிவிடும். ஆன்டிமனி அதற்குக் கடினம் தந்து, வார்ப்பின்போது சுருக்கத்தைக் குறைத்து, எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்கியது. நம் மூத்தோர் எழுத்துக்கூட்டிப் படித்த முதற்புத்தகங்கள் இந்த உலோகப்போலியின் துணையால் அச்சானவை.

ஆனால் பளபளப்பும் நொறுங்குதலும் மட்டும் உலோகப்போலியைத் தெளிவாகக் காட்டிவிடா. அதைவிடக் கூர்மையான சோதனை வெப்பம். செம்புக் கம்பியைச் சுடவைத்தால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அதன் மின்தடை நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு கூடுகிறது. அதிரும் அணுக்கள் எலக்ட்ரான்களின் வழியை மறிப்பதே காரணம். தூய சிலிக்கனைச் சுடவைத்தாலோ கடத்தும் திறன் பெருகுகிறது. பிணைப்பில் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்களுள் சில வெப்பத்தால் விடுபட்டு உலவத் தொடங்குவதே காரணம். இவ்வாறு நடந்துகொள்ளும் பொருள்களைக் குறைகடத்திகள் என்கிறோம்.

வெப்பத்தால் கடத்துத்திறன் பெருகும் இந்த இயல்பை 1833-இல் ஒருவர் கண்டு எழுதினார். அவர் வரலாறு நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. 1805-ஆம் ஆண்டு முதல் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, 1813-இல் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார். அவர் ஆய்ந்தது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்பைடு. வீட்டில் வெள்ளிக் கொலுசின்மேலும் குங்குமச் சிமிழின்மேலும் படியும் கறுப்பு இதுவே. அதனைச் சுடவைத்தபோது மின்சாரம் மிகுதியாகச் சென்றது. உலோகங்களில் வெப்பம் ஏறினால் கடத்துத்திறன் குறையும் என்பது அவர் அறிந்த விதி. விதிக்கு மாறாக இருக்கிறதே என்று அவர் தம் கண்ணை ஐயுறவில்லை. விதியோடு ஒத்துப்போகுமாறு குறிப்பையும் திருத்தவில்லை. கண்டதை அப்படியே எழுதி வெளியிட்டார். அதன் முழுப்பொருளை உலகம் உணர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

1871-இல் ருசிய அறிஞர் மெண்டலீவ், சிலிக்கனுக்குக் கீழே இன்னும் கண்டறியப்படாத ஒரு தனிமம் இருக்க வேண்டும், அதன் அடர்த்தி 5.5 அளவில் இருக்கும் என்று தம் அட்டவணையைக் கொண்டு கணித்தார். 1886-இல் ஜெர்மனியில் விங்க்ளர் அதைக் கண்டார். அடர்த்தி ஏறத்தாழ 5.3. அதுவே ஜெர்மானியம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் அந்த ஜெர்மானியத் துண்டைக் கொண்டே முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். பின்னர் அவ்விடத்தைச் சிலிக்கன் பிடித்தது. தூய சிலிக்கனில் கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரசையோ போரானையோ கலந்தாலும் அதன் கடத்தும் திறன் பன்மடங்கு மாறுகிறது. வேண்டும்போது கடத்தவும் வேண்டாதபோது தடுக்கவும் கூடிய இந்த இயல்பு செம்புக்கும் இல்லை, கந்தகத்திற்கும் இல்லை. இன்று நம் கையிலுள்ள கைபேசியும், கூரைமேல் வெயிலை மின்சாரமாக்கும் பலகையும் இந்த இடைப்பட்ட இயல்பால் இயங்குகின்றன. புவியோட்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு சிலிக்கன். ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்ததே. காலின்கீழ் மிதிபடும் மணலுக்குள் இவ்வளவு ஆற்றல் இருந்ததை, பண்பை ஆய்ந்து பார்த்தவர்களே கண்டனர்.

அன்பர்களே, அன்று தொடங்கிய பாடம் மூன்று மாலைகள் நீண்டது. முடிவில் அம்மாணவியின் குறிப்பேட்டை மீண்டும் பார்த்தோம். பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தாள்: "கரித் தண்டு: விளக்கு எரிந்தது. பட்டியலில் எரியாது என்று உள்ளது. வைரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்." வைரத்திற்கு நாங்கள் எங்கே போவோம்! ஆயினும் எங்கள் ஆசிரியப் பணியில் இதைவிடச் சிறந்த விடையை நாங்கள் திருத்தியதில்லை.

வைரம் வேண்டாம், இந்த வெள்ளி விழாவின் நினைவாகச் சங்கத்திடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். மாலை வகுப்பு நடக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெட்டி வேண்டும். அதில் ஒரு சுத்தியல், பாட்டரி இரண்டு, சிறு விளக்கு ஒன்று, செம்புக் கம்பி, அலுமினியத் தகடு, ஆணி, ஈயக் குண்டு, கந்தகக் கட்டி, கரித் தண்டு, காந்தம் ஆகியன இருந்தால் போதும். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டிற்கு வந்து, புத்தகத்தில் இப்படி இருக்கிறது, நான் பார்த்தது வேறாக இருக்கிறது என்று சொன்னால், வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். எங்களிடம் அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம். தவறு எங்களுடையதாக இருந்தால் கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதுகிறோம்.

வெள்ளியின் சிறப்பு அதன் ஒளி மட்டும் அன்று. தன் ஒரு முனையில் பெற்ற வெப்பத்தை மற்ற எந்த உலோகத்தைவிடவும் விரைவாக மறுமுனைக்குச் சேர்ப்பதும் அதன் சிறப்பு. 25 ஆண்டுகளாகச் சங்கம் பெற்றதைத் தெருவின் கடைசி வீட்டுப் பிள்ளைவரை கொண்டுசேர்த்தால், வெள்ளி விழா என்னும் பெயர் நமக்குப் பொருந்தும்.